சூசையிடம் எப்படிக் கேட்பாய்?

மகளே, நீ போனில் அனுப்பிய கேள்வித்தாளை மூன்று தடவை படித்துவிட்டேன். "நம்ம ஊர் ஆளுகளுக்குப் புரியுற மாதிரி இருக்கான்னு மட்டும் பாருங்கப்பா" என்று கீழே எழுதியிருந்தாய். புரிகிறது. தமிழில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை நீ திரேஸ்புரத்தில் போய் நின்றால், கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிற ஆட்கள் உனக்கு நாற்காலி போடுவார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள், இருபத்திரண்டு கேள்விக்கும் இருபத்திரண்டு பதில் சொல்லுவார்கள். நீ வெறுங்கையோடு சென்னைக்குத் திரும்புவாய். "இந்தத் தொழிலில் உடல்நலப் பாதிப்பு உண்டா?" என்று கேட்டிருக்கிறாய். "உண்டு" என்பான். "என்ன பாதிப்பு?" என்பாய். "கை கால் வலிக்கும்" என்பான். எனக்கும்தான் கை கால் வலிக்கிறது. கடலுக்கு அடியில் பத்துப் பாகம், அறுபதடி ஆழத்தில் ஒருவனுக்கு என்ன ஆகிறது என்று எழுத வருகிறவளுக்கு இது போதுமா?

அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன் என்றால் பாதிப் பொய். உன் தாளின் அடுத்த பக்கத்தில், நீ பார்க்கப்போகிற பதினோரு பேரின் பட்டியல் இருந்தது. ஆறாவது பெயர் சூசை. பெயருக்கு எதிரே, "படகில் வழுக்கி விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்" என்று போட்டிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சூசை வழுக்கி விழவில்லை. விழுந்தான் என்று ஊரை நம்பவைத்தவன் நான். இப்போது அவன் மகன் அந்தோணி, கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகாதவன், அதே கடலில் அதே போலக் குளிக்கிறான். அப்பா வழுக்கித்தான் விழுந்தார் என்று நம்பிக்கொண்டு குளிக்கிறான். நீ சூசையிடம் நன்றாகக் கேட்டால் என் குட்டு உடையும் என்று பயமாக இருக்கிறது. நீ மோசமாகக் கேட்டால் அவன் உன்னிடமும் அந்தப் பழைய பொய்யையே சொல்வான், நீ அதைப் புத்தகத்தில் ஏற்றுவாய், அந்தோணி ஒருநாள் அவன் அப்பனைப் போலவே கரைக்கு வருவான். அது இதைவிடப் பெரிய பயம். போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை உன் எண்ணை அழுத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் நான் விஷயத்தைச் சின்னதாக்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன். முதலில் கேட்கிற வித்தையைச் சொல்கிறேன். அதை வைத்துத்தான் நான் செய்தது உனக்கு விளங்கும்.

சங்கு வாங்கி விற்கிறவன் கேள்வி கேட்டுத்தான் பிழைக்கிறான். ஆறுமுகநேரி உப்பளத்திலிருந்து ஒரு சைக்கிளோடு இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. உயிரோடு எடுத்த சங்குக்குத்தான் விலை. கரையில் போய் நின்று, "உயிர்ச்சங்குதான?" என்று கேட்பேன். "ஆமா அண்ணாச்சி" என்பார்கள். வாங்கி வந்து கொட்டிப் பார்த்தால் பாதி புழு அரித்துக் கிடக்கும். கல்கத்தாவில் சங்கை வளையலாக அறுக்கிறவன் அதைத் திருப்பி அனுப்புவான். யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. பதிலை நானே கையில் கொடுத்து, அதையே திருப்பி வாங்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் கேள்வியை மாற்றினேன். மிக்கேல் என்று ஒரு குளியாளி, வாய் ஓயாத ஆள். ஒருநாள் அவன் காட்டிய ஒரு பெரிய சங்கைக் கையில் வாங்கிக்கொண்டு, "இது எங்கன கெடந்துது மிக்கேலு?" என்றேன்.

"கடல்லதான் அண்ணாச்சி. பொறவு, பனமரத்துலயா கெடக்கும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்த பிறகு வேறு பேச்சுக்குப் போகவில்லை. சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். சும்மா நிற்பது லேசான காரியம் இல்லை, செய்து பார். பத்து எண்ணுவதற்குள் நமக்கே வாய் நமநமக்கும்.

"சேத்துக்குள்ள பொதைஞ்சு கெடந்துது," என்றான் அவனாகவே.

"பொதைஞ்சு கெடந்துதா?"

"ஆமா. நுனி மட்டுந்தான் தெரிஞ்சிது. கைய விட்டுத் தோண்டுனேன். உள்ள சதையே இல்ல, முழுக்கச் சேறு. செத்து எத்தன வருசமோ..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஏலே, இந்த மனுசன் கேக்கவே இல்ல, நானா ஒளறுதேன் பாத்தியளா!"

அதுதான் வித்தை. 'நல்லதா கெட்டதா' என்று கேட்காதே. எங்கே, எப்போது, அப்போது கை என்ன செய்தது என்று கேள். அவன் கடைசியாகச் சொன்ன சொல்லை எடுத்து அவனிடமே திருப்பிக் கொடு. பிறகு வாயை மூடு. உன் தாளில் 'பொதுவாக', 'வழக்கமாக' என்று நிறைய வருகிறது. பொதுவாக என்று கேட்டால் ஊர் சொல்லும் பதிலை அவனும் சொல்வான். போன செவ்வாய்க்கிழமை என்று கேட்டால்தான் அவன் பதில் வரும். நாலாவது கேள்வியில் "ஏன் இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று இருக்கிறது. அதை அடித்துவிடு. 'ஏன்' என்று ஆரம்பித்தால் நம் ஆட்களுக்குக் குற்றம் சாட்டுவதாகத்தான் காதில் விழும். போலீஸ் கேட்பது ஏன், வாத்தியார் கேட்பது ஏன், மாமியார் கேட்பது ஏன். "மொதல் தடவ தண்ணிக்குள்ள எறங்குன அன்னைக்கு என்ன நடந்துது?" என்று கேட்டுப் பார். அந்த 'ஏன்' தானாக உள்ளே வந்து உட்காரும்.

இதெல்லாம் எனக்குக் கரையில் தெரிந்தது, வீட்டில் தெரியவில்லை. நீ பாளையங்கோட்டை ஹாஸ்டலிலிருந்து வாரத்தின் நடுவில் பையோடு வந்து நின்றாயே, நினைவிருக்கிறதா? வாசலிலேயே நான் ஆரம்பித்துவிட்டேன். "ஏன் வந்த? யாரும் ஏதும் சொன்னாவளா? மார்க்கு கொறஞ்சிட்டா? ஒடம்பு சரியில்லயா?" ஒரே மூச்சில் நான்கு கேள்வி. நீ அதில் லேசானதை எடுத்துக்கொண்டாய். "ஒடம்பு சரியில்லப்பா." நான் உன்னை டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்து, கடமை முடிந்தது என்று கடைக்குப் போய்விட்டேன். உன் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவரைக்காய் நறுக்க உன்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, "ஏளா, அந்த ஹாஸ்டல்ல காலையில எத்தன மணிக்கு எழும்புவிய?" என்றாள். அவ்வளவுதான். ஐந்து மணிக்கு எழுந்ததில் ஆரம்பித்து, குளியலறை வரிசை, சாப்பாட்டு மேசை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, மூன்று மாதமாக அந்த மேசையில் ஒருத்தியும் உன்னோடு பேசுவதில்லை என்ற இடத்தில் நீ அழுதாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நீ நிறுத்திவிட்டாய். மிச்சத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. பேசுகிறவர் பக்கத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் நின்றால் பேச்சு பாதியில் சாகும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தெரிந்தும், அதே வருடம் அதைச் சூசைக்கு எதிராகப் பயன்படுத்தினேன்.

அந்த வருடம் கல்கத்தாக்காரர்களுக்குப் பெரிய சங்கு அவசரமாக வேண்டியிருந்தது. சாயங்காலம் லாரி ஏற வேண்டும். காலையில் நான் கரைக்குப் போனபோது, சூசை மணலில் உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் கம்பரசரைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காற்று அடிக்கிற மிஷின், அதிலிருந்து வரும் டியூபைக் கடித்துக்கொண்டுதான் இவர்கள் கீழே போவது. சூசை இடது தோளை வலது கையால் பிசைந்துகொண்டிருந்தான். ஆழத்துக்கு இழுக்கிற ஈயக்கட்டியை இடுப்பில் கட்டவில்லை. அப்படி ஒருவன் உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், மகளே. முந்தின நாள் ஆழத்தில் ரொம்ப நேரம் கிடந்துவிட்டு வேகமாக மேலே வந்திருக்கிறான். உடம்புக்குள் காற்று சிக்கிக்கிடக்கிறது. இரண்டு நாள் கரையில் இருக்க வேண்டியவன். தெரிந்துகொண்டே கேட்டேன்: "என்ன சூச, ஒண்ணும் இல்லையே?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. லேசா கடுக்குது."

கடுக்குதா, எப்போதிலிருந்து என்று மிக்கேலிடம் கேட்பதுபோல் கேட்டிருக்க வேண்டும். சும்மா நின்றிருக்க வேண்டும். செத்த சங்கைக் கண்டுபிடிக்க அவ்வளவு பொறுமையாக நின்ற நான், "சரி சரி, நேரத்தோட வந்துரு" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவனும் எழுந்து கடலுக்குப் போனான். மூன்றாவது தடவை முங்கி மேலே வந்தவன் படகில் ஏறி உட்கார்ந்து, பீடி கேட்டிருக்கிறான். பற்றவைத்துக் கொடுப்பதற்குள், "ஏலே, எங் காலக் காணலலே" என்றானாம். பக்கத்திலிருந்தவர்கள் கேலி என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், அவர்கள்மேல் தப்பில்லை. கம்பரசர் வைத்துக் குளிப்பதைச் சர்க்கார் நிறுத்தப்போகிறது என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. அப்படி ஒரு கேஸ் வெளியே வந்தால் அந்த சீசன் மூடிவிடும் என்று எனக்குப் பயம், படகில் இருந்தவர்களுக்கும் பயம். டாக்டர் சின்ன வயசு. சூசையைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. உன் தாளில் இருக்கிற எல்லாவற்றையும்விட நல்ல கேள்வி. சூசை வாயைத் திறந்தான். அவன் ஒரு வார்த்தை சொல்வதற்குள், நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டேன்: "படகுல வழுக்கித்தான விழுந்த சூச?"

அவன் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கண் இமைக்கிற நேரம்தான் இருக்கும். பிறகு டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். டாக்டர் எழுதிக்கொண்டார். விழுந்தவனுக்கு என்ன பார்க்க வேண்டுமோ அதையெல்லாம் பார்த்தார்கள். முதுகைப் படம் எடுத்தார்கள், வலிக்கு ஊசி போட்டார்கள், பலகைமேல் படுக்கவைத்தார்கள். அதன்பிறகு அவன் எழுந்து நடக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து, என் சர்க்கரைக்குப் பார்க்கப்போன இடத்தில், யாரோ ஒரு ஆளுக்கு நடந்ததுபோல இதை ஒரு பெரிய டாக்டரிடம் சொல்லிக் கேட்டேன். அவர் கேட்டுவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருந்தா ஆக்சிஜன் வச்சு, காத்தழுத்தம் ஏத்தி உடம்புல சிக்குன காத்தைக் கரைக்கிற அழுத்த அறைக்கு அனுப்பியிருப்பாங்க. நடந்திருப்பாரான்னு உறுதியா சொல்ல முடியாது. நடந்திருக்கலாம்" என்றார். அந்த 'நடந்திருக்கலாம்' என்ற சொல்லை நான் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. சூசையிடம் சொன்னதில்லை. அவன் வீட்டுக்கு அரிசி போகிறது, பண்டிகைக்குத் துணி போகிறது, அவன் மனைவி பிலோமி என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறாள்.

உன் தாள் வந்த மறுநாள் நான் சூசை வீட்டுக்குப் போனேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். பிலோமி குழாயடிக்குப் போயிருந்தாள்.

"வாரும் அண்ணாச்சி. இந்தக் கழுதைக்குத் தொண்ட கட்டிட்டு. என்னைய மாதிரி இல்ல, திருப்புனா பேசிரும்."

"சூச, எம் மவ வாரா. படிப்புக்காகக் குளியாளிககிட்ட எல்லாம் பேசணுமாம். ஒம் பேரும் இருக்கு."

"வரட்டும். சின்னப்புள்ளையில பாத்தது. என்ன கேப்பா?"

"ஒனக்கு எப்பிடி இப்பிடி ஆச்சுன்னு கேப்பா."

திருப்புளியைக் கீழே வைத்தான். "நான் என்ன சொல்லணும்? சொல்லித் தாரும்."

"நடந்தத சொல்லு," என்றேன்.

அவன் சிரித்தான். கோபமே இல்லாத சிரிப்பு. "எந்த நடந்தத அண்ணாச்சி? ரெண்டு இருக்குல்லா."

அப்போது பிலோமி குடத்தோடு உள்ளே வந்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே நீ அந்த வீட்டுக்குப் போகும்போது இப்படிச் செய். என்னோடு போகாதே, நான் கூப்பிட்டாலும் என் காரில் ஏறாதே. ஆனால் நீ யார் மகள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடு. மறைத்தாலும் அது உன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். "எங்கப்பாவுக்கு எது புடிக்கும் புடிக்காதுன்னு பாக்க வேண்டாம், அவரே என்னைய அனுப்புனாரு" என்று சொல். பேச்சைப் பதிவு செய்கிற மிஷினை மேசைமேல் வைத்து, எதை அமுக்கினால் நிற்கும் என்று அவன் கையாலேயே ஒருதடவை அமுக்கவை. நிறுத்துகிற உரிமை தன் கையில் இருந்தால்தான் மனுசன் பேசுவான். "எப்பிடி விழுந்திய?" என்று மட்டும் கேட்டுவிடாதே. அந்தக் கேள்விக்குள் என் பொய் உட்கார்ந்திருக்கிறது. "அன்னைக்குக் காலையில எழும்புனதுல இருந்து சொல்லுங்க" என்று கேள். தோள் வரும், மணல் வரும், நான் வருவேன். நான் வருகிற இடத்தில் அவன் நிறுத்துவான், உன் முகத்தைப் பார்ப்பான். அப்போது நீ முகத்தைச் சுளிக்காதே, "பரவாயில்ல சொல்லுங்க" என்று அவசரப்படுத்தாதே, எனக்காக வருத்தம் தெரிவிக்காதே. உட்கார்ந்திரு. ஒரே நாளில் எல்லாம் வராது. இரண்டாவது நாளும் போ. நீ புறப்பட்டுச் செருப்பு மாட்டும்போது பெரிய விஷயம் ஏதாவது சொல்வான், எல்லோரும் அப்படித்தான். அதைத் திருட்டுத்தனமாக எழுதாதே. "இத எழுதிக்கிடலாமா?" என்று கேட்டுவிட்டு எழுது. கேட்கக் கேட்க உனக்கே ஒன்று தெரியவரும். நன்றாகக் கேட்கிறவனைப்போல் ஆபத்தானவன் இல்லை. என்ன வரும் என்று தெரிந்துகொண்டு கேட்பதும், எது வரக்கூடாது என்று தெரிந்துகொண்டு கேட்பதும் ஒரே திறமைதான். இரண்டாவதில் உன் அப்பன் கெட்டிக்காரன்.

இதுவரை எழுதியது நேற்று. தபாலில் போட்டால் நீ கிளம்புவதற்குள் வராது, படம் எடுத்துப் போனில் அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். இன்று காலை அதற்கு முன்னால் கரைக்குப் போனேன். திங்கட்கிழமை நீ வந்து கேட்கும்வரை அந்தோணிக்கு ஒன்றும் ஆகாது என்று எதை நம்பி நான் உட்கார்ந்திருந்தேனோ தெரியவில்லை. படகு கரையில்தான் நின்றது. அவன் ஒருவன் மட்டும் மேலே நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தான். பலகை தெரியாமல் பழைய சாக்கை இரண்டாக மடித்து, நீளத்துக்கும் விரித்து அடித்திருந்தான்.

"என்னடே இது, படகுக்குச் சட்டை போடுத?" என்றேன்.

"அப்பா வழுக்குனது இந்த மாதிரி ஈரப்பலகையிலலா அண்ணாச்சி. எங்க அம்மாவுக்கு அதே பயம். இனி எம் படகுல ஒரு பய வழுக்க மாட்டான்." பெருமையாகச் சொன்னான். சொல்லிவிட்டுச் சுத்தியலை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது முழங்கையைத் தொடையில் வைத்துத் தேய்த்தான்.

என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "ஒண்ணும் இல்லையே?" இத்தனை வருஷம் கழித்தும் அதுதான் முதலில் வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினேன். படகில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "நேத்து தண்ணிக்குள்ள எறங்குனதுல இருந்து சொல்லு" என்றேன். என்னத்தச் சொல்ல என்று சிரித்தான். நான் சும்மா இருந்தேன். கடைசியாக இறங்கியபோது டியூப் மடங்கி காற்று நின்றதாகவும், பயந்து ஒரே பாய்ச்சலில் மேலே வந்ததாகவும் சொன்னான். சாயங்காலம் முழங்கை கடுத்ததாம். மனைவி எண்ணெய் தேய்த்துவிட்டாளாம். "காலையில சட்டை பட்டன் போட வரல அண்ணாச்சி. வெரலு மரத்துப்போச்சு. கெழவனாயிட்டேன்னு எம் பொண்டாட்டி சிரிக்கா." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அங்கேயே, அந்தச் சாக்கின்மேல் உட்கார்ந்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோள், மணல், ஆஸ்பத்திரி, நான் கேட்ட கேள்வி. அவன் சுத்தியலைப் பிடித்தபடியே கேட்டான். அது என் தலைமேல் விழுந்தாலும் சரி என்றுதான் இருந்தேன். முடித்ததும் கையைப் பிடித்து இழுத்து, காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். அந்தோணி வாயைத் திறக்குமுன் என் முகத்தைப் பார்த்தான், அவன் அப்பன் பார்த்த மாதிரியே. நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, அவன் குரல் கேட்காத தூரத்தில் போய் நின்றுகொண்டேன். உள்ளே ரொம்ப நேரம் பேச்சு நடந்தது. இப்போது மூக்கிலும் வாயிலுமாக ஆக்சிஜன் வைத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். அழுத்த அறை இருக்கிற ஊருக்கு அனுப்ப போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். விரலை மடக்குகிறான், கால் நன்றாக அசைகிறது. நாளைக்கு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

நான் உள்ளே போனபோது மாஸ்க்கை விலக்கிக்கொண்டு கேட்டான். "எங்கப்பா அன்னைக்கு டாக்டர்ட்ட இப்பிடிச் சொல்லியிருந்தா?"

"நடந்திருக்கலாம்," என்றேன்.

மேலே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"இத அப்பாட்ட சொல்லிட்டியளா?"

"இல்ல."

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். அம்மாவும் இருக்கும்போது சொல்லணும்." மாஸ்க்கைத் திரும்பப் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான்.

அந்தோணியின் மனைவி வந்துவிட்டாள், நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதி முடிக்கிறேன். எழுதியதும் சூசை வீட்டுக்குப் போகிறேன். பிலோமி எழுந்து நிற்பாள். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். மடியில் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். திங்கட்கிழமை அந்த வீட்டுக் கதவு உனக்குத் திறக்குமா என்று எனக்குத் தெரியாது. திறந்தால், முதலில் அவன் பெயருக்கு எதிரே நீ எழுதியிருப்பதை அடித்துவிட்டு உள்ளே போ. அவர்கள் என்னைப்பற்றிச் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட மென்மையாக்காமல் எழுது.

உன் அப்பா